கல்லீரலில் வழி அடைத்தால் சிறுநீர்ப்பைக்கு என்ன ஆகும்?
உறுப்புகளை இரத்தத்தின் வழியோடு சேர்த்துக் கற்பித்தல்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் செரிமான மண்டலமும் கழிவுநீக்க மண்டலமும் வருகின்றன. பத்தாம் வகுப்பில் இரத்தச் சுற்றோட்டம் வருகிறது. மது உடலுக்குச் செய்யும் கேடு அதே வகுப்பில் இன்னொரு பாடத்தில் வருகிறது. ஒவ்வொன்றையும் நாம் நன்றாகவே நடத்துகிறோம். கல்லீரலை வரையச் சொன்னால் மாணவர்கள் வரைந்துவிடுகிறார்கள். சிறுநீர்ப்பையின் பாகங்களைக் குறிக்கச் சொன்னால் குறித்துவிடுகிறார்கள். ஆனால், "கல்லீரலில் இரத்தம் ஓடும் வழி கெட்டுப்போனால் சிறுநீர்ப்பையின் தசைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டு உறுப்புகளும் அவர்கள் மனத்தில் இரண்டு தனிப் படங்களாகவே இருக்கின்றன.

இந்தக் கேள்வியை மையமாக வைத்து, படாளத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மூன்று பாடவேளைகளில் நான் நடத்திவரும் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். தேர்வுக்கு நேரடியாக வரும் கேள்வி அல்ல இது. ஆனால் நான்கு பாடங்களை ஒரே நூலில் கோக்க இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

கல்லீரலுக்கும் சிறுநீருக்கும் தொடர்பு உண்டு என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். காமாலை வந்தால் கண் மஞ்சளாகும், சிறுநீரும் அடர்மஞ்சளாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். கீழாநெல்லியின் பெயரும் உடனே வந்துவிடும். அங்கேயே அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: "நோய் கல்லீரலில். நிறம் ஏன் சிறுநீரில்?"

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அந்த வழி தடைபட்டால் நீரில் கரையும் பிலிரூபின் இரத்தத்துக்குத் திரும்புகிறது. இரத்தம் சிறுநீரகத்துக்குப் போகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. இந்த ஒரு சங்கிலியைக் கரும்பலகையில் எழுதியதுமே இரண்டு உறுப்புகளையும் இணைப்பது இரத்தம்தான் என்பது மாணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு பிழைக்கருத்தையும் களைய வேண்டும். குடித்த தண்ணீர் நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். குடல் உறிஞ்சும் நீர் முதலில் இரத்தத்தில் சேர்கிறது. கல்லீரலையும் இதயத்தையும் கடந்து சிறுநீரகத்தை அடைந்த பிறகே அதில் ஒரு பகுதி சிறுநீராகிறது. சிறுநீர்ப்பை அதைச் சேர்த்துவைக்கும் தசைப்பை மட்டுமே.

இரண்டு வாசல் கொண்ட உறுப்பு

பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி இரத்தத்தைக் கொண்டுவருகிறது, சிரை எடுத்துச் செல்கிறது. கல்லீரலுக்கு இரத்தம் வர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கல்லீரல் தமனி. மற்றொன்று போர்ட்டல் சிரை. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றைச் சுற்றிவந்த இரத்தம் எல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. தந்துகிகளில் தொடங்கி மறுபடியும் தந்துகிகளில் முடிவதுதான் இந்தச் சிரையின் தனித்தன்மை. "எல்லாச் சிரைகளும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்கின்றன" என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இது நல்ல விதிவிலக்கு.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஏறக்குறைய 1.5 லிட்டர் கல்லீரல் வழியாகச் செல்கிறது. இந்த 1.5 லிட்டரில் நான்கில் மூன்று பங்கு போர்ட்டல் சிரையில் வருகிறது. ஆக்சிஜனைப் பொறுத்தவரை தமனியும் போர்ட்டல் சிரையும் ஏறக்குறையப் பாதிப் பாதி தருகின்றன. கையில் அளக்கும் இரத்த அழுத்தம் 120/80 என்றால், போர்ட்டல் சிரையில் இருப்பது 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம்தான். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் இவ்வளவு இரத்தம் ஓட வேண்டுமானால் கல்லீரலின் உள்வழிகள் மென்மையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். இதை மாணவர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டால் அடுத்த பகுதி எளிது.

ஏரியை வைத்து விளக்குதல்

எங்கள் பள்ளிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் மதுராந்தகம் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் அது நிரம்பினால் உபரிநீர் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றைச் சேர்கிறது. வரத்துக்கால், மதகு, கலங்கல் ஆகியவற்றை எங்கள் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனவே கல்லீரலை ஏரியாகவே வரைந்துவிடுகிறேன்.

பல வரத்துக்கால்கள் சேர்ந்து ஏரிக்கு நீர் கொண்டுவருகின்றன. அதுதான் போர்ட்டல் சிரை. ஏரியில் நீர் தங்கித் தெளிகிறது. அதுதான் கல்லீரல் செய்யும் வேலை. குடலிலிருந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதும், நச்சுப் பொருள்களையும் மருந்துகளையும் சிதைப்பதும் அங்கேதான் நடக்கின்றன. தெளிந்த நீர் மதகு வழியாக வெளியேறுகிறது. அதுதான் கல்லீரல் சிரை. அது கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து இதயத்துக்குப் போகிறது.

ஏரி தூர்ந்துவிட்டால் அல்லது மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மாணவர்களே சொல்கிறார்கள்: "தண்ணி பின்னாடி ஏறும் டீச்சர். தாழ்வா இருக்கிற பக்கம் உடைச்சிக்கிட்டு ஓடும்." அதேதான் உடலிலும் நடக்கிறது. பின்னால் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்குகிறது. வழக்கமாக மெல்லியதாக இருக்கும் பக்கச் சிரைகள் புடைத்துப் பெரிதாகி, இரத்தத்தைக் கல்லீரலுக்குள் விடாமலே பொதுச் சுற்றோட்டத்தில் சேர்க்கின்றன. உணவுக்குழலின் அடிப்பகுதி, தொப்புளைச் சுற்றிய பகுதி, மலக்குடலின் சுவர் ஆகியவை இப்படிப்பட்ட பக்கவழிகள் திறக்கும் முக்கிய இடங்கள்.

கல்லீரலைக் கடக்கும்போது உள்ள அழுத்த வேறுபாடு 5 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு. 10-ஐ எட்டினால் சிரைகள் புடைக்கத் தொடங்கும் அபாயம் உண்டு. 12-ஐத் தாண்டினால் உணவுக்குழலில் புடைத்த சிரை உடைந்து இரத்த வாந்தி வரலாம்.

எந்த உவமைக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லீரலைத் தூர்ப்பது இரத்தம் அடித்துவரும் வண்டல் அல்ல. காயம் ஆறும்போது தோலில் தழும்பு விழுவதுபோல, கல்லீரல் திரும்பத் திரும்பக் காயப்படும்போது உள்ளே நார்த்திசு வளர்கிறது. சிர்ரோசிஸ் என்பது இதுதான். நீண்டகால மது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், கல்லீரலில் படியும் கொழுப்பு ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள்.

அடைப்பு மூன்று இடங்களில்

ஏரிக்கு முன், ஏரிக்குள், ஏரிக்குப் பின் என்று மூன்று இடங்களிலும் அடைப்பு வரலாம்.

ஏரிக்கு முன்: போர்ட்டல் சிரையே அடைபட்டுப்போவது. நம் நாட்டில் குழந்தைகளுக்கு வரும் போர்ட்டல் மிகை அழுத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தக் குழந்தைகளின் கல்லீரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வழிதான் அடைபட்டிருக்கும். கருவில் இருக்கும்போது தொப்புள்கொடிச் சிரை போர்ட்டல் சிரையோடு இணைந்திருப்பதால், பிறந்த குழந்தையின் தொப்புளில் ஏற்படும் தொற்று சிலருக்கு இந்த அடைப்பை உண்டாக்குகிறது. தொப்புளில் சாம்பலோ சாணமோ வைக்கக் கூடாது என்று செவிலியர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏரிக்குள்: சிர்ரோசிஸ் ஒன்று. சிர்ரோசிஸ் இல்லாமலே கல்லீரலுக்குள் போர்ட்டல் கிளைகள் தடித்துச் சுருங்கும் நோயும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1969-இல் நடத்திய பயிலரங்கில் இதற்கு 'சிர்ரோசிஸ் அல்லாத போர்ட்டல் நார்த்திசு நோய்' என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. எங்கள் பாலாறு கடந்துவரும் வேலூரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. காரணம் தெரியாத போர்ட்டல் மிகை அழுத்தம் கொண்டவர்களில் கல்லீரல் திசுவை எடுத்துச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருந்தது சிர்ரோசிஸ் அல்ல, இந்த வகை நோயே என்று அவர்கள் கண்டார்கள்.

ஏரிக்குப் பின்: கல்லீரல் சிரை அடைபடுவது. 1845-இல் ஜார்ஜ் பட், 1899-இல் ஹான்ஸ் கியாரி ஆகிய மருத்துவர்கள் விவரித்ததால் இது பட்-கியாரி நோய் எனப்படுகிறது.

சிறுநீர்ப்பையின் தசைச்செல்லுக்குள்

இரண்டாம் பாடவேளையைச் சிறுநீர்ப்பையிலிருந்து தொடங்குகிறேன். அதன் சுவரில் இருப்பது டெட்ரூசர் என்ற மென்தசை. நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத் தசை அல்ல அது. தன்னியக்க நரம்புகள் அதை இயக்குகின்றன. சுமார் 150 முதல் 200 மில்லிலிட்டர் சேரும்போது முதல் உணர்வு வருகிறது. பெரியவர்களுக்கு 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை அது கொள்ளும். வெளிச் சுருக்குத்தசை மட்டும் நம் கட்டுப்பாட்டில் இருப்பதால்தான் மணி அடிக்கும்வரை பிள்ளைகளால் அடக்கிக்கொள்ள முடிகிறது.

சிறுநீர் கழிக்கும் நேரம் வந்ததும் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல் கோலின் வெளிவருகிறது. தசைச்செல்லுக்குள் கால்சியம் அயனிகள் அதிகரிக்கின்றன. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி மயோசினைச் செயல்பட வைக்கிறது. செல் சுருங்குகிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தை வெளியே தள்ளினால்தான் செல் தளரும். அப்படித் தள்ளும் பம்புகளுக்கு ஏடிபி வேண்டும். ஆக, சுருங்குவதற்கும் ஆற்றல் வேண்டும், தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவை ஆக்சிஜன். ஆக்சிஜனைக் கொண்டுவருவது இரத்தம்.

இரத்தம் குறைந்தால் சிறுநீர்ப்பை என்ன செய்யும் என்பதை முயல்களில் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். இரத்த ஓட்டம் மிதமாகக் குறைந்தபோது சிறுநீர்ப்பை அடிக்கடி, தேவையில்லாமல் சுருங்கியது. மிகவும் குறைந்தபோது சுருங்கும் வலிமையையே இழந்தது, சுவரில் நார்த்திசு வளர்ந்தது. ஒரே காரணம் முதலில் அதிகப்படியான துடிப்பையும் பிறகு தளர்வையும் தரலாம் என்பதை மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள்.

நான்கு வழிகள்

இப்போது புதிரை வைக்கலாம். சிறுநீர்ப்பையின் சிரைகள் போர்ட்டல் சிரையில் சேர்வதில்லை. அவை இடுப்புச் சிரைகள் வழியாக நேரே கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போகின்றன. அப்படியானால் கல்லீரலின் அடைப்பு அதை எப்படித் தொடும்?

முதல் வழி, பின்னேறும் அழுத்தம். மலக்குடலின் மேல்பகுதிச் சிரை போர்ட்டல் மண்டலத்தைச் சேர்ந்தது. நடு, கீழ்ப்பகுதிச் சிரைகள் இடுப்புச் சிரைகளைச் சேர்ந்தவை. இரண்டும் மலக்குடலின் சுவரில் ஒரு வலையாக இணைகின்றன. அதன் அருகிலேயே சிறுநீர்ப்பையின் சிரை வலையும் இருக்கிறது. கல்லீரல் அடைபடும்போது திரும்பிவரும் இரத்தம் இந்த வலைகளில் தேங்குகிறது. அரிதாகச் சிறுநீர்ப்பையின் சுவரிலேயே சிரைகள் புடைப்பதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. சிரையில் இரத்தம் தேங்கினால் தந்துகிகளில் புது இரத்தம் நுழைவது குறையும். ஆக்சிஜன் குறையும். முயலின் கதை இங்கே நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாம் வழி, தெளியாத இரத்தம். பக்கவழியில் ஓடும் இரத்தம் கல்லீரலைப் பார்ப்பதே இல்லை. 1877-இல் ரஷ்யாவின் நிகோலாய் எக் நாய்களின் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு நேராக இணைத்தார். 1893-இல் பாவ்லோவும் உடன் பணியாற்றியவர்களும் அதே முறையில் செய்த சோதனையில், இறைச்சி உண்ட நாய்களுக்கு நடை தடுமாறியது, வலிப்பு வந்தது. மணியோசைக்கு எச்சில் ஊறிய நாயை மட்டுமே அறிந்த மாணவர்களுக்குப் பாவ்லோவின் இந்த வேலை புதிது. கல்லீரலைத் தாண்டிப்போகும் அம்மோனியா மூளையைத் தாக்குகிறது. தசைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அது சுமையாகிறது.

மூன்றாம் வழி, நைட்ரிக் ஆக்சைடு. இரத்தக்குழாயின் உட்சுவர் வெளியிடும் இந்த வாயு மென்தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிர்ரோசிஸில் இது அளவுக்கு மீறிச் சுரந்து தமனிகளை விரிவடையச் செய்கிறது என்ற கருத்தை 1991-இல் வாலன்ஸும் மொன்காடாவும் முன்வைத்தார்கள். போர்ட்டல் சிரையைச் சற்றே கட்டிய எலிகளில், தமனிச் சுவரின் மென்தசை நரம்பின் கட்டளைக்கு வழக்கமான வேகத்தில் சுருங்காதது தெரியவந்தது. அடைப்பு ஓரிடத்தில் இருக்க, மென்தசையின் நடத்தை வேறிடத்தில் மாறுகிறது.

நான்காம் வழி, நரம்பும் சிறுநீரகமும். சிர்ரோசிஸ் உள்ளவர்களிடம் தன்னியக்க நரம்புகள் பழுதடைவது அடிக்கடி காணப்படுகிறது. சிறுநீர்ப்பை அந்த நரம்புகளை நம்பியே இயங்குகிறது. மேலும், தமனிகள் விரிந்துவிட்டதால் உடலில் இரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாகக் கணக்கிட்டு, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது. அந்த நீர் வயிற்றிலும் காலிலும் சேர்கிறது. வயிற்றில் சேர்ந்த நீர் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது.

இந்த நான்கையும் ஒரே அம்புக்குறிப் படமாக மாணவர்களே வரைய வேண்டும். ஆசிரியர் வரைந்து கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடப் படமாகிவிடும்.

ஒரு மாணவனின் கேள்வி

ஒரு முறை இந்தப் பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் தனியாக வந்து கேட்டான்: "டீச்சர், எங்கப்பாவுக்கு ஈரல்லதான் நோவுன்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் ஏன் ராத்திரி நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போறாரு?"

வீட்டில் அதைப் புதிய நோய் என்று எண்ணியிருந்தார்கள். கொடுத்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் மருத்துவர் அல்ல. ஆனால் வழியை அவனுக்குக் காட்ட முடிந்தது. பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் கூடுகிறது. அதனால் இரவில் சிறுநீர் அதிகமாகிறது. உடலில் தேங்கிய நீரை வெளியேற்றத்தான் இத்தகைய நோயாளிகளுக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரைகளைத் தருகிறார்கள். அவற்றைத் தாமாக நிறுத்தினால் வயிற்றில் மறுபடியும் நீர் சேரும்.

"மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு நீயும் போ. இரவில் எத்தனை முறை எழுகிறார், மாத்திரையை எத்தனை மணிக்கு எடுக்கிறார், எரிச்சலோ காய்ச்சலோ இருக்கிறதா, இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேள்" என்றேன். அவன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். மருத்துவர் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றிக் கொடுத்ததாக அடுத்த வாரம் வந்து சொன்னான். மாத்திரை நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. கல்லீரலின் எடையையும் நிறத்தையும் மட்டும் படித்திருந்தால் அந்தக் கேள்வி அவனுக்குள் எழுந்திருக்காது.

அந்த வகுப்பிலேயே வேறு சில பிள்ளைகளின் வீட்டிலும் மதுவால் வந்த நோய் இருக்கக்கூடும். ஆகவே மதுவைப் பற்றிப் பேசும்போது "குடிகாரர்கள்" என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. நோயின் வழியைச் சொல்கிறேன். பிள்ளைகள் தலைகுனியாமல் கேட்கிறார்கள்.

இரண்டு செயல்பாடுகள்

செயல்பாடு 1: அடைபடும் வழி. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியில் துளையிட்டு மீன்தொட்டிக் குழாயைப் பொருத்துங்கள். ஒரு ஒய் வடிவ இணைப்பின் மூலம் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளையில் ஊசியும் தண்டும் இல்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்சைப் பொருத்தி, அதற்குள் பஞ்சைத் தளர்வாக வையுங்கள். இதுதான் கல்லீரல். மற்றக் கிளையை மேல்நோக்கி நிறுத்துங்கள். இதுதான் பக்கவழி. பாட்டிலில் கலங்கிய மண்நீரை ஊற்றி, பக்கக்குழாயில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அதன் வாயை அதற்குச் சற்று மேலே வளைத்துவிடுங்கள். சிரிஞ்சிலிருந்து ஓரளவு தெளிந்த நீர் சொட்டும். இப்போது பஞ்சை இறுக்கி அடைத்துவிட்டுப் பாட்டிலை முன்பிருந்த அளவுக்கு நிரப்புங்கள். பக்கக்குழாயில் நீர் ஏறிக் கலங்கலாகவே வழியும். அழுத்தம் ஏறுவதையும் வடிகட்டாத நீர் தப்பிப்போவதையும் ஒரே சோதனையில் காணலாம்.

செயல்பாடு 2: இரத்தமும் தசையும். துணிக் கிளிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அழுத்தித் திறக்க முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முதலில் கையைத் தொங்கவிட்டு, பிறகு ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி. உயர்த்திய கையில் இரத்த ஓட்டம் குறைவதால் விரல்கள் விரைவில் சோர்ந்துவிடும். கையைக் கயிற்றால் கட்டிப் பார்க்கும் முறை வேண்டாம். இது எலும்புத் தசை, சிறுநீர்ப்பையில் இருப்பது மென்தசை என்ற வேறுபாட்டை மாணவர்களே சொல்ல வேண்டும். ஆக்சிஜன் தேவை இரண்டுக்கும் பொது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. போர்ட்டல் சிரை மற்றச் சிரைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. கல்லீரல் நலமாக இருந்தும் போர்ட்டல் சிரை அடைபட்ட குழந்தையின் இரத்தத்தில் அம்மோனியா கூடுவது ஏன்?
3. தசை தளர்வதற்கும் ஏடிபி தேவைப்படுவது எதனால்?
4. கல்லீரல் அடைப்பிலிருந்து சிறுநீர்ப்பை வரையிலான நான்கு வழிகளில் ஏதேனும் இரண்டை அம்புக்குறிப் படமாக வரைக.
5. ஏரி உவமை எந்த இடத்தில் கல்லீரலுக்குப் பொருந்தவில்லை?

ஐந்தாம் வினாவைத் தவறாமல் கேளுங்கள். உவமையின் எல்லையைச் சொல்லத் தெரிந்த மாணவர் கருத்தைப் புரிந்துகொண்டுவிட்டார்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

போர்ட்டல் சிரை அடைபட்ட குழந்தை வகுப்பில் மற்றவர்களைப் போலவே உட்கார்ந்திருக்கும். வெளிறிய முகம், இடப்பக்க மேல்வயிற்றில் வீக்கம், வயதுக்குக் குறைந்த வளர்ச்சி ஆகியவை தெரிந்தால், பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அந்தக் குழந்தையைத் தனியாகக் காட்டுங்கள். தெளியாத இரத்தம் மூளைக்குப் போவதால் இவர்களில் சிலருக்குக் கவனம் சிதறும். அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். புடைத்த சிரையைக் கட்டும் எண்டோஸ்கோபி சிகிச்சையும், இரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவைச் சிகிச்சையும் இன்று உள்ளன. நேரத்துக்குக் கொண்டுசேர்ப்பதே நம் பங்கு.

அடிக்கடி கழிப்பறைக்குப் போகக் கேட்கும் குழந்தைக்கு அனுமதி மறுக்காதீர்கள். பெரும்பாலும் அதன் காரணம் கல்லீரல் அல்ல. சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், பயமாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் அடக்கிவைப்பது அந்தத் தசைக்கு நல்லதல்ல. சில நாள்கள் தொடர்ந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்யலாம்.

இனி எந்த உறுப்பைப் பற்றிய பாடமானாலும் முடிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். இதற்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது? இதிலிருந்து எங்கே போகிறது? நடுவில் அடைத்தால் எந்தப் பக்கம் திரும்பும்? உங்கள் ஊர் ஏரியையோ வாய்க்காலையோ எடுத்துக்கொண்டால் விடையைப் பிள்ளைகளே தொடங்கிவைப்பார்கள். சிறுநீரகம், நுரையீரல், மூளை ஆகிய பாடங்களில் இந்த மூன்று கேள்விகளுக்கு உங்கள் மாணவர்கள் தரும் விடைகளை இவ்விதழ் வழியாகப் பகிர்ந்துகொண்டால் எங்கள் வகுப்புக்கும் பயன்படும்.